டாக்டருக்குப் பதிவு எண் உண்டு... மேனேஜருக்கு ஏன் இல்லை?

மேடவாக்கம் - சோழிங்கநல்லூர் சாலையில் போறவங்களுக்கு பெரும்பாக்கத்தில் இருக்கும் பெரிய தனியார் மருத்துவமனையைத் தெரியாமல் இருக்காது. அந்த மாதிரி எந்த மருத்துவமனையை வேணும்னாலும் எடுத்துக்குங்க. டாக்டர் என்றால் மருத்துவ கவுன்சிலில் பதிவு இருக்கணும். நர்ஸுக்கும் பார்மசிஸ்ட்டுக்கும் தனித்தனி கவுன்சில். ஆனால், நைட் ஷிஃப்ட்டுக்கு எத்தனை நர்ஸ் போதும் என்று முடிவெடுக்கும் நிர்வாக மேனேஜருக்கு? அப்படி எந்தப் பதிவும் தேவையில்லை.

அதே சாலையில் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் எல்காட் ஐ.டி. வளாகம். லே-ஆஃப் பட்டியலில் யார் பெயர் வரணும் என்று முடிவு செய்யும் மேனேஜருக்கும் இதே கதைதான்.

அப்போ மேனேஜ்மென்ட் ஒரு 'புரொஃபஷன்' இல்லையா? பிளஸ் டூ-வில் காமர்ஸ் படிச்சவங்களுக்கு இது பழகிப்போன பரீட்சைக் கேள்வி.

சட்டம் என்ன சொல்லுது?

ஆடிட்டர்களுக்கு 1949-லும், வக்கீல்களுக்கு 1961-லும் தனிச் சட்டம் வந்தது. ஒழுங்கு தவறினால் பட்டியலில் இருந்து பெயரையே நீக்கலாம். அதன்பிறகு தொழில் செய்ய முடியாது. மேனேஜர்களுக்கு அப்படி ஒரு பட்டியலே கிடையாது. 2013-ம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 196-வது பிரிவு மேலாண் இயக்குநரின் வயது, திவால், குற்றத் தண்டனை பற்றியெல்லாம் பேசுகிறது. படிப்பைப் பற்றி மூச்சு விடவில்லை.

2009-ல் வெடித்த சத்யம் மோசடியை நினைச்சுப் பாருங்க. ராமலிங்க ராஜு அமெரிக்காவில் எம்.பி.ஏ. படித்தவர். 2014-ல் செபி அவரைப் பங்குச்சந்தையில் இருந்து 14 ஆண்டுகள் விலக்கியது. 2015-ல் நீதிமன்றம் 7 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. இரண்டுமே மோசடிக்கான தண்டனை. மோசடி செய்யாமல், வெறுமனே மோசமாக நிர்வாகம் செய்தவரை யார் கேட்பது?

ஹார்வர்டு பேராசிரியர்கள் ராகேஷ் குரானாவும் நிதின் நோரியாவும் மேனேஜ்மென்ட்டை உண்மையான புரொஃபஷனாக மாற்றணும் என்று 2008-ல் எழுதினார்கள். அடுத்த ஆண்டே அங்குள்ள மாணவர்கள் 'எம்.பி.ஏ. உறுதிமொழி' எடுத்தார்கள். நல்ல முயற்சிதான், ஆனால், மீறினால் பறிப்பதற்கு லைசென்ஸ் என்று ஒன்று இருக்கணுமே!

ஒரே ஒரு இடம் வித்தியாசம்

நெய்வேலிக்குப் போனால் கதை மாறும். சுரங்கத்துக்கு மேனேஜர் ஆகணும்னா பரீட்சை எழுதி, தகுதிச் சான்றிதழ் வாங்கணும். 1952-ம் ஆண்டு சுரங்கச் சட்டமே, தகுதியுள்ள மேனேஜர் கட்டாயம் என்று சொல்லிவிட்டது. காரணம் எளிது: அங்கே மேனேஜர் தப்புக் கணக்குப் போட்டால் உயிர் போகும். சான்றிதழ் இருந்தால் விபத்தே வராது என்றும் இல்லை. 1975-ல் தன்பாத் அருகே சாஸ்நாலா சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து 370-க்கும் அதிகமானோர் இறந்தார்கள்.

எல்லா மேனேஜருக்கும் லைசென்ஸ் கேட்டால் வேறொரு சிக்கல். பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்பில் லிஃப்ட், தண்ணி மோட்டார் பராமரிப்பைக் கவனிக்கும் சங்கத்து அக்கா செய்வதும் மேனேஜ்மென்ட்தான். டிகிரி இல்லை என்று அவரை வெளியே நிறுத்துவது அநியாயம். ஆனால், நர்ஸ் எண்ணிக்கையைக் குறைக்கும் மேனேஜர், சங்கத்து அக்காவைவிட சுரங்க மேனேஜருக்குத்தான் பக்கத்தில் நிற்கிறார். அவரிடம் சான்றிதழ் கேட்பதில் தப்பே இல்லை.

லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டி எம்.பி.ஏ. சேரப் போறவங்க ஒன்றைக் கவனிங்க: ஏ.ஐ.சி.டி.இ. அங்கீகாரம் கல்லூரிக்கும் அந்தப் படிப்புக்கும்தான். அது உங்களுக்கான தொழில் உரிமம் கிடையாது.