அப்புறம் என்ன ஆச்சு, ராஜி?

குட்டீஸ்... உங்களுக்கு ஒரு கேள்வி!

பாட்டி விறுவிறுப்பாக ஒரு கதை சொல்லிக்கொண்டே வருகிறார். ஏழு மலை, ஏழு கடல் எல்லாம் தாண்டியாகிவிட்டது. ராட்சசனின் குகை வாசலுக்கும் வந்தாயிற்று. அந்த நேரம் பார்த்து, 'சரி சரி, மீதி இன்னொரு நாள்' என்று பாட்டி போர்வையை இழுத்து மூடிக்கொண்டால் என்ன செய்வீர்கள்? போர்வையைப் பிடித்து இழுத்து, 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று பிடுங்கி எடுத்துவிட மாட்டீர்களா?

நம் நாட்டில் உருவான ஒரு வீடியோ கேமுக்கும் இதேதான் நடந்தது. அதன் பெயர், 'ராஜி: ஆன் ஏன்ஷியன்ட் எபிக்'. அதாவது, ராஜியின் பழங்கால வீர காவியம்.

மகாராஷ்டிர மாநிலம் புனேயில் உள்ள, 'நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ்' என்ற சின்னக் குழு செய்த விளையாட்டு இது. அந்தப் பெயருக்கு, தலையாட்டுகிறவர்கள் என்று பொருள். நாம் எதற்கெடுத்தாலும் தலையை ஆட்டுவோமே, அதுதான்!

ராஜி ஒரு சர்க்கஸ் பெண். கம்பத்தில் தொங்குவாள்; கரணம் போடுவாள். அவளுடைய தம்பி கோலு, பொம்மலாட்டம் காட்டுகிற பையன். ஒருநாள் அசுரர்கள் கூட்டமாக வந்து ஊரைத் தாக்கி, கோலுவைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவர்களின் தலைவன், மகாபலாசுரன். தம்பியைத் தேடிப் புறப்படும் ராஜிக்கு, துர்க்கை ஒரு திரிசூலம் கொடுக்கிறார். போகப்போக விஷ்ணுவின் வில்லும் கிடைக்கிறது. இனி ராஜி நீங்கள்தான். ஓடுவது, தாவுவது, சுவரில் கால் வைத்து எகிறுவது எல்லாம் உங்கள் விரல் நுனியில்.

ஒரு பாத்திரத்தின் வேடத்தை நாமே போட்டுக்கொண்டு, அதன் கதைக்குள் புகுந்து விளையாடுவதை, 'ரோல் பிளேயிங் கேம்' என்பார்கள். கறாராகப் பார்த்தால், ராஜி சாகச விளையாட்டு வகையைச் சேர்ந்தது. ஆனாலும் வேடம் வேடம்தானே! சிறுவயதில் துண்டைத் தோளில் கட்டிக்கொண்டு, 'நான்தான் சூப்பர்மேன்' என்று ஓடாதவர் யார்?

இதை முடிப்பதற்குள் அந்தக் குழு பட்ட பாடு கொஞ்சமல்ல. 2017-ல் இணையம் வழியாகப் பொதுமக்களிடம் நிதி திரட்டிப் பார்த்தார்கள். குறித்த தொகை சேரவில்லை. அந்த ஏற்பாட்டில் ஒரு விதி உண்டு. குறித்த தொகை முழுசாகச் சேராவிட்டால், கொடுக்கிறேன் என்றவர்களின் பணமும் கைக்கு வராது! இருந்தும் விடவில்லை. கொரோனா ஊரடங்கில் எல்லாரும் வீட்டில் அடைந்து கிடந்த 2020 ஆகஸ்ட் 18-ம் தேதி, நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவியில் ராஜி முதலில் வெளிவந்தாள். அக்டோபரில் கம்ப்யூட்டர், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் என எல்லாவற்றிலும் வந்துவிட்டாள்.

உலகம் முழுவதிலும் இருந்து விளையாடினார்கள். என்ன சொன்னார்கள் தெரியுமா?

முதலில், 'ஆஹா!' என்றார்கள். காரணம், காட்சிகள். பெரும்பாலான மாயாஜால விளையாட்டுகளில் ஐரோப்பியக் கோட்டை, குதிரை வீரன், நெருப்புக் கக்கும் டிராகன் என்று ஒரே மாதிரிதான் இருக்கும். இங்கே ராஜஸ்தான் கோட்டைகளின் சாயலில் மாளிகைகள், தாமரைக் குளங்கள், சுவர் நிறையச் சித்திரங்கள்! சித்திரத்தின் அருகே போய் நின்றால் போதும். அதில் இருக்கும் புராணக் கதை காதில் விழும். கதைப் பகுதிகளை நிழற்பொம்மைகளே நடித்துக் காட்டுகின்றன. நம் ஊர் தோல்பாவைக்கூத்து பார்த்திருக்கிறீர்களா? திரைக்குப் பின்னால் விளக்கு, நடுவில் தோல் பொம்மை என்று இருக்குமே, அந்த மாதிரி. இசை அமைத்தவர் லினோஸ் ட்செலோஸ் என்ற கிரேக்க நாட்டுக்காரர். கேட்டால் நம்பமாட்டீர்கள், அவ்வளவு இந்திய வாசனை!

சாமியை நாம் ஆட்டி வைக்கலாமா?

இன்னொரு விஷயமும் பலருக்குப் பிடித்திருந்தது. அதைப் புரிந்துகொள்ள, 11 ஆண்டுகள் பின்னால் போகவேண்டும்.

2009-ல் ஐதராபாத்தில் இருந்த, 'அரோனா டெக்னாலஜீஸ்' என்ற நிறுவனம், பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக, 'ஹனுமான்: பாய் வாரியர்' என்று ஒரு விளையாட்டைச் செய்தது. முழுக்க இந்தியாவிலேயே உருவான முதல் பிளேஸ்டேஷன் விளையாட்டு அதுதான். இதில் விளையாடுபவர்தான் அனுமன். பட்டனை அமுக்கினால் அனுமன் குதிப்பார். தப்பாக அமுக்கினால் விழுவார். 'நாங்கள் கும்பிடும் தெய்வத்தை, யாரோ கையில் பிடித்து இப்படி ஆட்டி வைப்பதா?' என்று அமெரிக்காவில் இருந்த ஓர் இந்து அமைப்பின் தலைவர் எதிர்ப்புத் தெரிவித்தார். செய்தித்தாள்களில் எல்லாம் இது வந்தது. விளையாடிப் பார்த்து எழுதியவர்களின் புகார் வேறு. படங்கள் சுமார், பட்டன் ஒன்று சொன்னால் பொம்மை ஒன்று செய்கிறது என்று குறைப்பட்டார்கள்.

ராஜியைச் செய்தவர்கள் இந்தச் சிக்கலை அழகாகக் கடந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கே நீங்கள் துர்க்கையும் இல்லை, விஷ்ணுவும் இல்லை. சாதாரணப் பெண் ராஜி. சாமிகள் இரண்டு பேரும் மேலிருந்து அவளைப் பார்த்துப் பேசிக்கொண்டே வருகிறார்கள். நடுநடுவே ஒருவரை ஒருவர் கிண்டலும் செய்துகொள்கிறார்கள். கீழே விழுவதும் அடிபடுவதும் மனுஷிதானே, அதனால் யாருக்கும் மனவருத்தம் இல்லை.

முடிச்சூரில் ராஜி

தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில் இருக்கிறது என் அக்கா வீடு. அங்கே ஒரு மழைக்கால விடுமுறையில், இந்த விளையாட்டைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ஒன்பதாம் வகுப்புப் பையனும், ஆறாம் வகுப்புத் தங்கையும் முறை வைத்து ஆடினார்கள்.

அண்ணன் எதையும் பார்க்கவில்லை. சுவர்ச் சித்திரமாவது, கதையாவது! அசுரன் எங்கே, எத்தனை பேர், அடுத்து எந்த ஆயுதம்... அவ்வளவுதான். தங்கையோ ஒவ்வொரு சித்திரத்திடமும் நின்று கதை கேட்டுவிட்டுத்தான் நகர்ந்தாள். வட்டக் கல்லைத் திருப்பித் திருப்பி, கலைந்த ஓவியத்தைச் சேர்க்கிற புதிர் ஒன்று வந்தது. ராஜியும் கோலுவும் சேர்ந்திருந்த பழைய நாட்களைக் காட்டுகிற ஓவியம். படம் சேர்ந்ததும் அவள் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவன், 'சீக்கிரம் போடி' என்றான்!

ஒரே விளையாட்டு, ஒரே சோபா. இவனுக்கு அது சண்டை. அவளுக்கு அது தம்பியைத் தொலைத்த அக்காவின் கதை. பின்னால் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்த பாட்டிக்கு மட்டும் ஒரே குறை. 'துர்க்கை எதுக்குடா இங்கிலீஷ் பேசறா?'

பெரிய அசுரன் ஒருவனை முக்கால்வாசி வீழ்த்தியபோது, படக்கென்று கரண்ட் போய்விட்டது. அந்த வீட்டில் எழுந்த அலறலை இங்கே எழுத முடியாது. நல்லவேளை, இந்த மாதிரி விளையாட்டுகள் போகிற வழியில் அங்கங்கே தாமாகவே நினைவில் வைத்துக்கொள்ளும். முதலிலிருந்து ஆடவேண்டியதில்லை.

சரி, 'ஆஹா' என்றவர்கள் அடுத்துச் சொன்னது என்ன? 'ஐயோ!'

விளையாட்டு நாலைந்து மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. மற்ற பெரிய விளையாட்டுகள் 30, 40 மணி நேரம்கூட ஓடும். அதைவிடப் பெரிய ஏமாற்றம், முடிவு. என்ன முடிவு என்று நான் சொல்லமாட்டேன், கேட்காதீர்கள்! திடுதிப்பென்று வந்து நிற்கிறது. கதை பாதியில் தொங்குகிறது என்று பலரும் எழுதினார்கள். சண்டையில் ராஜியின் அசைவு போதவில்லை, காட்சி காட்டும் கோணம் சில இடங்களில் தடுக்கி விழ வைக்கிறது என்ற குறைகளும் வந்தன.

கவனித்தீர்களா? அந்தக் கோபத்துக்குள் ஒரு பாராட்டு ஒளிந்திருக்கிறது. பிடிக்காத கதை பாதியில் நின்றால் யார் சண்டைக்கு வருவார்கள்?

முடிவு பிடிக்காமல் விளையாடுபவர்கள் கொதிப்பது புதிதல்ல. 2012 மார்ச்சில், கனடாவின் பயோவேர் நிறுவனம், 'மாஸ் எஃபெக்ட் 3' என்ற விண்வெளி ரோல் பிளேயிங் விளையாட்டை வெளியிட்டது. மூன்று பாகக் கதை. முதல் பாகம் 2007-ல் வந்தது. நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் கதையை மாற்றும் என்று சொல்லித்தான் அத்தனை ஆண்டு விளையாட வைத்தார்கள். கடைசியில் பார்த்தால், மூன்று வழிகளில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் வெடிக்கும் ஒளியின் நிறம்தான் பெரிதாக மாறியது. சிவப்பு, நீலம், பச்சை!

ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? திட்டிக் கடிதம் எழுதியவர்களும் உண்டு. ஒரு கூட்டம் மட்டும் பணம் வசூல் செய்து, சுமார் 400 கப் கேக்குகளை அந்த நிறுவனத்துக்கு அனுப்பி வைத்தது. மேலே கிரீம் மூன்று நிறத்தில். சிவப்பு, நீலம், பச்சை. ஆனால், எதை எடுத்துக் கடித்தாலும் ஒரே வெனிலா ருசி! என்ன சொல்ல வந்தார்கள் என்று புரிகிறதா? பயோவேர்காரர்களுக்கும் புரிந்தது. கேக்குகளை இளைஞர் காப்பகம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டு, வேலையைப் பார்த்தார்கள். அந்த ஆண்டு ஜூனிலேயே, முடிவை விரிவாக்கிக் கூடுதல் காட்சிகளை இலவசமாகவே கொடுத்துவிட்டார்கள்.

புனேக்காரர்களிடம் பயோவேர் அளவுக்கு ஆட்களும் கிடையாது, பணமும் கிடையாது. 2020-ம் ஆண்டின், 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில், சிறந்த அறிமுக விளையாட்டுக்கான இறுதிப் பட்டியலில் ராஜி இடம்பிடித்தாள். பரிசு வேறொரு விளையாட்டுக்குப் போய்விட்டது. குழு உட்கார்ந்து குறைகளைப் படித்தது. 2022-ல் மெருகேற்றிய பதிப்பு வந்தது. சண்டை அசைவுகளைச் சரி செய்திருந்தார்கள். காட்சிகளும் தெளிவாகியிருந்தன. முக்கியமாக, பாத்திரங்கள் எல்லாரும் இந்தியில் பேசினார்கள்! முடிச்சூர் பாட்டிக்குப் பாதி சமாதானம்.

'அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்டவர்கள் மட்டும் இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஐந்து ஆண்டுகள் கழித்து, 2025-ல், 'ராஜி: கலியுகா' என்ற அடுத்த விளையாட்டை அதே குழு அறிவித்தது.