அழைப்பது யார் என்று எண் சொல்லுமா?

மருத்துவமனையிலிருந்து ஓர் அழைப்பு வருகிறது. ஸ்கேன் முடிவு வந்துவிட்டது, நாளைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள். நோயாளியின் மகளுக்கோ அது முன்பின் தெரியாத எண். கடன் வேண்டுமா என்று கேட்கும் இன்னொரு தொந்தரவாக இருக்கும் என்று எடுக்காமல் விட்டுவிடுகிறார். அதே நாளில் வேறொரு வீட்டில் வங்கியின் பெயரைக் காட்டி ஓர் அழைப்பு வருகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மரியாதையோடு எடுத்துப் பேசுகிறார். மறுமுனையில் இருப்பவருக்கும் வங்கிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

நல்ல அழைப்பு தவறிப்போகிறது, மோசடி அழைப்பு நம்பப்படுகிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். திரையில் தெரியும் எண்ணை வைத்து ஆளை எடைபோடப் பழகிவிட்டோம். ஆனால் அந்த எண் அடையாளச் சான்று அல்ல. அழைக்கும் பக்கத்திலிருந்து வரும் ஒரு தகவல், அவ்வளவுதான். வழியில் அதை யாராவது சரிபார்த்தார்களா என்பதைப் பொறுத்தே அதற்கு மதிப்பு. அந்தச் சரிபார்ப்பு மிகவும் தளர்ந்திருப்பது நிறுவனங்களின் எண்களில்தான்.

மணி ஓயும் இடைவெளியில்

தொலைபேசி பிறந்து ஏறத்தாழ நூறு ஆண்டுகள் வரை, அழைப்பது யார் என்று எடுத்துப் பேசினால்தான் தெரியும். அழைப்பவரின் எண்ணைத் தகவலாகக் கம்பி வழியே அனுப்பும் முயற்சிகள் 1960-களின் இறுதியில் தொடங்கின. கிரேக்கத்தில் பிறந்த பொறியாளர் தியடோர் பராஸ்கேவாகோஸ் இதில் முன்னோடி. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த கரோலின் டவுட்டி உருவாக்கிய முறைக்கு 1986-ல் காப்புரிமை கிடைத்தது. 1980-களின் பிற்பாதியில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ‘காலர் ஐடி’ சேவை மக்களிடம் வந்தது.

டவுட்டியின் யோசனை எளிமையானது. தொலைபேசி மணி விட்டுவிட்டுத்தான் அடிக்கிறது. முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் நடுவே கம்பி சும்மா இருக்கிறது. அந்தச் சில நொடிகளில் எண்ணை ஒலியாக மாற்றி அனுப்பிவிடலாம். அமெரிக்க முறையில் 1200 ஹெர்ட்ஸ் ஒலி ‘1’ என்பதையும், 2200 ஹெர்ட்ஸ் ஒலி ‘0’ என்பதையும் குறிக்கும். நொடிக்கு 1200 பிட் வேகத்தில் அது வந்து சேரும். ஒரு மணி அடித்த பிறகே அந்தக் கருவிகளில் எண் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். இந்தியாவின் பல லேண்ட்லைன் எக்ஸ்சேஞ்சுகள், தொலைபேசிப் பொத்தான்களை அழுத்தும்போது எழும் அதே இரட்டை ஒலிகளைக் கொண்டே எண்ணை அனுப்பின.

இது கடைசிக் கம்பியில், எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரை, நடக்கும் வேலை. அழைப்பவரின் எண் அந்த எக்ஸ்சேஞ்சுக்கு எப்படி வந்தது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எண்ணை எழுதுவது யார்?

தொலைபேசி வலையமைப்பில் பேச்சு போகும் பாதை வேறு, அழைப்பைப் பற்றிய செய்திகள் போகும் பாதை வேறு. செய்திகளுக்கான அந்தத் தனிப் பாதையின் விதிமுறைக்கு ‘சிக்னலிங் சிஸ்டம் 7’ என்று பெயர். நீங்கள் எண்ணை அழுத்தியதும் உங்கள் எக்ஸ்சேஞ்ச் ஒரு தொடக்கச் செய்தியை அனுப்புகிறது. யாரைக் கூப்பிட வேண்டும், கூப்பிடுவது யார் என்ற இரண்டு எண்களும் அதில் இருக்கும்.

ஒரு கடித உறையோடு இதை ஒப்பிடலாம். பெறுநர் முகவரி தவறாக இருந்தால் கடிதம் போய்ச் சேராது. அதனால் தபால்துறை அதைக் கவனமாகப் படிக்கும். அனுப்புநர் முகவரியில் எதை எழுதியிருந்தாலும் கடிதம் போய்விடும். தொலைபேசியிலும் அழைப்பு போய்ச் சேர, அழைக்கப்படும் எண் மட்டும் சரியாக இருந்தால் போதும்.

தனிமனிதரின் செல்பேசியில் இந்த ‘அனுப்புநர்’ எண்ணை எழுதுவது வலையமைப்பேதான். சிம் அட்டைக்குள் இருக்கும் அடையாள எண் வேறு. இந்த அடையாளத்துக்கு இந்தத் தொலைபேசி எண் என்ற கணக்கு செல்பேசி நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறது. நீங்கள் அழைக்கும்போது அந்தப் பதிவேட்டைப் பார்த்து நிறுவனமே எண்ணைப் போடுகிறது. கைபேசியில் என்ன செய்தாலும் இதை எளிதில் மாற்ற முடியாது.

அலுவலகத்தில் நிலைமை வேறு. அங்கே எக்ஸ்சேஞ்சுக்கும் ஊழியரின் மேசைக்கும் நடுவே நிறுவனத்தின் சொந்த இணைப்புப் பெட்டி, பிபிஎக்ஸ், இருக்கிறது. நம் நாட்டில் பெரிய அலுவலகங்கள் வாங்கும் பிஆர்ஐ இணைப்பில் ஒரே நேரத்தில் 30 பேர் பேசலாம். அதற்கென ஒரு தொகுதி எண்களும் ஒதுக்கப்படும். ஒவ்வோர் அழைப்பிலும் எந்த எண்ணைக் காட்டுவது என்று சொல்வது அந்தப் பெட்டிதான். அது தரும் எண், ஒதுக்கிய தொகுதிக்குள் இருக்கிறதா என்று எக்ஸ்சேஞ்ச் சரிபார்க்கலாம். சரிபார்க்காமலும் விடலாம். இணையவழி அழைப்பில் இந்தத் தளர்வு இன்னும் அதிகம். அங்கே அனுப்புநர் எண் மென்பொருளில் தட்டச்சு செய்யும் ஒரு வரி.

இதில் ஒரு நுட்பமான செய்தி உண்டு. எண்ணோடு சேர்ந்து ஒரு சிறு குறியீடும் பயணிக்கிறது. எண்ணைத் தந்தது வலையமைப்பா, வாடிக்கையாளரா, வாடிக்கையாளர் தந்ததைச் சரிபார்த்தார்களா இல்லையா என்பதை அது சொல்லும். நமக்கு உண்மையிலேயே தேவையான தகவல் இதுதான். ஆனால் அது நம் திரைக்கு வருவதே இல்லை. சரிபார்த்த எண்ணும் சரிபார்க்காத எண்ணும் ஒரே எழுத்தில், ஒரே அளவில் மின்னுகின்றன.

திரும்ப அழைத்தால் யாரும் இல்லை

எண் உண்மையானதாக இருந்தாலும் நிறுவனத்தைப் பொறுத்தவரை அது சொல்வது குறைவு. மருத்துவமனையின் ஆய்வகத்திலிருந்து பேசினாலும், பில் பிரிவிலிருந்து பேசினாலும் வெளியே தெரிவது ஒரே பொது எண்ணாக இருக்கலாம். திரும்ப அழைத்தால், ‘தமிழுக்கு ஒன்றை அழுத்தவும்’ என்று பதிவுக்குரல் தொடங்கும். நம்மை யார் கூப்பிட்டார்கள் என்று வரவேற்பில் இருப்பவருக்கும் தெரியாது. சில எண்கள் வெளியே அழைக்க மட்டுமே அமைக்கப்பட்டவை. திரும்ப அழைத்தால் இணைப்பே கிடைக்காது.

எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கும் 1800 எண்கள் இதற்கு நேர்மாறு. அவை அழைப்பைப் பெறுவதற்கு மட்டுமே ஆனவை. 1800 எண்ணுக்குப் பின்னால் தனிக் கம்பி கிடையாது. அந்த எண்ணுக்கு வரும் அழைப்பை எந்தச் சாதாரண எண்ணுக்குத் திருப்ப வேண்டும் என்ற குறிப்பு வலையமைப்பில் இருக்கிறது. ஆகவே, நமக்குத் தெரிந்த எண்ணிலிருந்து நிறுவனம் நம்மை அழைப்பதில்லை. அழைக்கும் எண்ணோ நமக்குத் தெரிந்ததில்லை.

கால் சென்டர் வேலையை வேறொரு நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தால் எண் அந்த ஒப்பந்த நிறுவனத்தின் பெயரில், வேறு மாநிலத்தில் பதிவாகியிருக்கும். டாக்சி, உணவு டெலிவரி செயலிகளில் ஓட்டுநரின் சொந்த எண் நமக்குத் தெரியாமலிருக்க இடையில் ஒரு பொது எண்ணை வைக்கிறார்கள். இரு தரப்பின் பாதுகாப்புக்கும் அது நல்லது. ஆனால் இன்று ஓட்டுநர் அழைத்த எண்ணிலிருந்து நாளை வேறு யாரோ அழைப்பார்கள்.

பெயர் வரும் வழிகள்

எண்ணுக்குப் பதிலாகப் பெயர் தெரிந்தால் சிக்கல் தீருமா? பெயர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும்.

முதல் வழி நம் கைபேசியில் உள்ள தொடர்புகள் பட்டியல். வரும் எண்ணை அதனோடு ஒப்பிட்டு, பொருந்தினால் நாம் சேமித்த பெயரைக் காட்டும். இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. மோசடிக்காரர் வங்கியின் எண்ணைப் போலியாகக் காட்டினால், ‘வங்கி’ என்ற பெயரை எடுத்துக் கொடுப்பது நம்முடைய கைபேசியே.

இரண்டாவது வழி டிரூகாலர் போன்ற செயலிகள். 2009-ல் சுவீடனில் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு இன்று இந்தியாவே மிகப் பெரிய சந்தை. பயன்படுத்துவோர் சொல்லும் பெயர்களும், அவர்கள் குத்தும் ‘ஸ்பேம்’ முத்திரையும்தான் இதன் பலம். பலவீனமும் அவையே. நிலுவைப் பணத்தை நினைவூட்டிய ஒரு சிறு பள்ளியின் எண்ணை நாலு பேர் ஸ்பேம் என்று குறித்தால், அந்தப் பள்ளியின் அவசர அழைப்பும் சிவப்பு நிறத்தில்தான் வரும். கைவிடப்பட்ட செல்பேசி எண் 90 நாள் கழிந்த பிறகு வேறொருவருக்குப் போகலாம். பழைய முத்திரை அந்தப் புதியவரின் தலையில் விழும்.

மூன்றாவது வழி இப்போது வந்துகொண்டிருக்கும் சிஎன்ஏபி. அழைப்பவரின் பெயரை வலையமைப்பே காட்டும் இந்தச் சேவையைத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 பிப்ரவரியில் பரிந்துரைத்தது. சிம் வாங்கும்போது விண்ணப்பத்தில் தந்த பெயர்தான் திரையில் வரும். 2025 அக்டோபரில், இது எல்லோருக்கும் இயல்பாகவே கிடைக்கட்டும், வேண்டாதவர்கள் விலக்கிக்கொள்ளலாம் என்பதில் டிராயும் தொலைத்தொடர்புத் துறையும் ஒத்துவந்தன. யாரோ சூட்டிய பெயருக்குப் பதிலாக, ஆவணம் பார்த்துப் பதிந்த பெயர் வருகிறது என்பது பெரிய முன்னேற்றம்.

நிறுவனங்களுக்கு இங்கேயும் சிக்கல் உண்டு. பதிவுப் பெயரும் ஊர் அறிந்த பெயரும் ஒன்றாக இருப்பதில்லை. பேடிஎம் என்றால் எல்லோருக்கும் தெரியும். அதை நடத்தும் ஒன்97 கம்யூனிகேஷன்ஸ் என்ற பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? இதை டிராயும் உணர்ந்திருக்கிறது. மொத்தமாக இணைப்பு வாங்கும் நிறுவனங்கள் தங்கள் வணிகமுத்திரைப் பெயரையோ, ஜிஎஸ்டியில் பதிந்த வணிகப் பெயரையோ காட்டிக்கொள்ளலாம் என்று பரிந்துரைத்திருக்கிறது.

சிறு வணிகர்களுக்கு அப்படி ஒரு வழி எளிதில் இல்லை. வீட்டிலிருந்தே தையல் தொழில் நடத்தும் பெண்ணின் சிம் கணவர் பெயரில் இருக்கும். மளிகைக்கடைக்காரரின் எண் அப்பா காலத்து இணைப்பு. வாடிக்கையாளர் திரையில் யாரென்றே தெரியாத ஒரு பெயர் வரும். தன் சொந்தப் பெயரிலேயே சிம் வைத்திருக்கும் பெண்ணுக்கோ, முகமறியாத வாடிக்கையாளர்களுக்கெல்லாம் முழுப்பெயர் போய்ச் சேரும் சங்கடம். இவர்களையும் மனதில் வைத்துத்தான் இந்தச் சேவையை வடிவமைக்க வேண்டும்.

கடல் தாண்டி வரும் நம்மூர் எண்

வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு, +91 என்று தொடங்கும் இந்திய எண்ணைக் காட்டி அழைப்பது மோசடிக் கும்பல்களின் பழைய தந்திரம். ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டி முதியவர்களின் சேமிப்பைப் பறித்தவர்கள் இதைப் பெரிதும் பயன்படுத்தினார்கள். இதைப் பிடிக்க ஒரு தர்க்கம் உண்டு. இந்தியச் செல்பேசி எண் வெளிநாட்டிலிருந்து அழைக்கிறது என்றால், அதற்குரியவர் அப்போது ரோமிங்கில் வெளிநாட்டில் இருக்க வேண்டும். பதிவேட்டைப் பார்த்து, அவர் இந்தியாவில்தான் இருக்கிறார் என்றால் அழைப்பு போலி. 2024 அக்டோபரில் மத்திய அரசு இதற்கான தடுப்பு அமைப்பை இயக்கத் தொடங்கியது. முதல் 24 மணி நேரத்திலேயே ஏறத்தாழ 1.35 கோடி போலி அழைப்புகள் தடுக்கப்பட்டன. இந்திய எண்ணைக் காட்டியபடி வெளிநாட்டிலிருந்து வந்த அழைப்புகளில் அது சுமார் 90 சதவீதம் என்று அரசு அறிவித்தது. அதுவரை எத்தனை வீடுகளில் அந்த மணி அடித்துக்கொண்டிருந்தது என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடுகிறது.

அமெரிக்கா வேறொரு வழியில் போயிருக்கிறது. அங்கே ‘ஸ்டிர்/ஷேக்கன்’ என்ற முறைப்படி, அழைப்பைத் தொடங்கும் நிறுவனம் அதில் மின்னணுக் கையொப்பம் இட வேண்டும். பெரிய நிறுவனங்களுக்கு 2021 ஜூன் 30 கெடு விதிக்கப்பட்டது. வாடிக்கையாளரையும் தெரியும், எண்ணுக்கு அவரே உரியவர் என்பதும் தெரியும் என்றால் ‘ஏ’ தரம். வாடிக்கையாளரைத் தெரியும், எண்ணைப் பற்றி உறுதி சொல்ல முடியாது என்றால் ‘பி’. அழைப்பு எங்கிருந்தோ வந்து நுழைந்தது என்றால் ‘சி’. ஆனால் ஒரு நிறுவனத்திடம் எண்ணும், இன்னொன்றிடம் இணைப்பும் வாங்கும் நேர்மையான வணிகர் ‘பி’ தரத்தில் நின்றுவிடக்கூடும். இணையவழி வலையமைப்பில்தான் இந்தக் கையொப்பம் செல்லும். நடுவில் பழைய தொழில்நுட்பம் குறுக்கிட்டால் வழியிலேயே தொலைந்துவிடும்.

எண் வரிசையே அடையாளம்

இந்தியா எடுத்திருக்கும் இன்னொரு நடவடிக்கை எளியது, அதனாலேயே எனக்கு நம்பிக்கை தருகிறது. விளம்பர அழைப்புகளுக்கு 140 என்று தொடங்கும் எண்கள் முன்பே இருந்தன. சேவை, பணப் பரிமாற்றம் தொடர்பான அழைப்புகளுக்கு 160 வரிசையை 2024 மே மாதம் தொலைத்தொடர்புத் துறை ஒதுக்கியது. அரசு அலுவலகங்களும், ரிசர்வ் வங்கி, செபி போன்ற அமைப்புகளின் கட்டுப்பாட்டில் உள்ள நிதி நிறுவனங்களும் 1600 என்ற வரிசையிலிருந்து அழைக்க வேண்டும். நிதி நிறுவனங்கள் இதற்கு மாறுவதற்கான காலக்கெடுவை 2025 நவம்பரில் டிராய் விதித்தது. சரிபார்த்த நிறுவனத்துக்கு மட்டுமே இந்த எண் கிடைக்கும் என்பதால் பாட்டியும் நினைவில் வைத்துக்கொள்ளக்கூடிய விதி ஒன்று கிடைக்கிறது: வங்கி என்று சொல்லிக்கொண்டு சாதாரண பத்து இலக்க செல்பேசி எண்ணிலிருந்து அழைத்தால் சந்தேகப்படு.

மருத்துவமனை, பள்ளி, கூரியர் ஆகியவற்றுக்கு இந்த வரிசை இல்லை. அன்றாட வாழ்வில் நாம் தவறவிட அஞ்சும் அழைப்புகள் பெரும்பாலும் இவர்களுடையவை. அவர்களுக்கும் இப்படி ஒரு வரிசை தேவை.

அதுவரை எளிய தற்காப்பு ஒன்றே. பணம், ஓடிபி, கேஒய்சி என்று பேச்சு வந்தால், திரையில் யார் பெயர் தெரிந்தாலும் இணைப்பைத் துண்டியுங்கள். ஏடிஎம் கார்டின் பின்புறமோ பாஸ்புக்கிலோ அச்சிட்டிருக்கும் எண்ணை எடுத்து நீங்களே அழையுங்கள். வரும் அழைப்பில் எண்ணைப் போடுவது அவர்கள். போகும் அழைப்பில் போடுவது நீங்கள். அந்த வேறுபாட்டில்தான் பாதுகாப்பு இருக்கிறது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்குத் தெரிவியுங்கள். சந்தேக அழைப்புகளை ‘சஞ்சார் சாத்தி’ தளத்தின் ‘சக்‌ஷு’ பிரிவில் பதியலாம்.

நிறுவனங்களுக்கும் கடமை இருக்கிறது. வெளியே அழைக்கும் எண்கள் எவை என்று தங்கள் இணையதளத்திலும் ரசீதிலும் அச்சிட வேண்டும். திரும்ப அழைத்தால் எடுத்துப் பேச ஒருவர் இருக்க வேண்டும். தொலைத்தொடர்பு அடையாளங்களைத் திரிப்பவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க 2023-ன் தொலைத்தொடர்புச் சட்டம் வகை செய்கிறது. ஆனால் தண்டனை, குற்றம் நடந்த பிறகு வருவது. எண்ணை விற்கும் நிறுவனம் ஒவ்வோர் அழைப்பிலும் அதைச் சரிபார்ப்பது, குற்றம் நடப்பதற்கு முன்பே செய்யக்கூடிய வேலை. ஏமாந்தவரைப் பார்த்து ‘ஏன் எடுத்தாய்’ என்று கேட்கும் முன், சரிபார்க்காத எண்ணை அவர் திரை வரை கொண்டுவந்து சேர்த்தது யார் என்று கேட்போம்.