மழை நாட்டில் பாலைக் கள்ளி

கேமரன் மலைக்குச் சுற்றுலா சென்று திரும்பும் நம் தோட்டப்புறக் குடும்பங்களின் கைகளில் தேயிலைப் பொட்டலமும் ஸ்ட்ராபெரிப் பழமும் இருப்பது வழக்கம். அவற்றோடு, உள்ளங்கை அளவுச் சட்டியில் நட்ட கள்ளிச் செடி ஒன்றும் இருக்கும். பிரிஞ்சாங் வட்டாரத்தில் கள்ளிகளுக்கென்றே பண்ணைகள் இருப்பதால், பிள்ளைகளின் கண்ணில் அவை படாமல் போவதில்லை. அங்கிருந்து கூலிமுக்கும் பீடோங்குக்கும் பாலிங்குக்கும் வந்து சேரும் அச்செடி, சில மாதங்களில் அடி கறுத்து, ஒருபுறம் சாய்ந்து, கூழாகிப் போவதை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். "குளிர் நாட்டுச் செடி, நம் வெயிலைத் தாங்கவில்லை" என்று அதற்குக் காரணமும் கூறப்படுகிறது.

அக்காரணம் பொருந்தாது. மெக்சிகோவின் வெயிலில் காய்ந்து வாழும் இனங்கள் கெடாவின் வெயிலுக்கு அஞ்சுவன அல்ல. மேலும், கேமரன் பண்ணைகளில் அச்செடிகள் எங்கே அடுக்கப்பட்டிருந்தன என்பதை நினைவுகூர்ந்தால் உண்மை விளங்கும். அவை திறந்த வெளியில் இல்லை. பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் இருந்தன. மலைக்காற்றைவிட அந்தக் கூரையே அவற்றைக் காத்து வந்தது.

வட அமெரிக்காவின் சொனோரப் பாலையில் பல இடங்களில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை 400 மில்லிமீட்டரை எட்டுவதில்லை; சில இடங்களில் 100 மில்லிமீட்டரும் இராது. அலோர் ஸ்டாரில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் பெய்கிறது. எப்போதோ பெய்யும் மழையை விரைந்து உறிஞ்சி உடம்பிலே சேமித்துக் கொள்ளும் வகையில் அமைந்தவை பாலைக் கள்ளியின் வேர்கள். அவற்றைச் சுற்றி நாள்தோறும் ஈரம் தங்கினால் காற்றின்றி மூச்சுத் திணறும், பூசணம் பற்றும், அழுகல் வேரிலிருந்து தண்டுக்கு ஏறும். நாம் வெளியில் காணும்போது உள்ளே பாதி அழிந்திருக்கும்.

இச்செடியின் மூச்சும் பிற செடிகளின் மூச்சைப் போன்றது அன்று. பெரும்பாலான தாவரங்கள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை ஏற்கின்றன. கள்ளியோ பகலில் துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிர்ச்சியில் திறந்து, பெற்ற வாயுவைப் புளிப்பு அமிலமாக்கி வைத்து, மறுநாள் வெயிலில் உணவாக்குகிறது. பகலில் நீர் ஆவியாகிப் போகாதிருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. இவ்வாறு நீரைச் சிக்கனமாகச் செலவிடும் செடிக்கு, ரோஜாவுக்கு ஊற்றுவது போல் காலையும் மாலையும் ஊற்றினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

வளர்ப்பு முறைக்குச் செல்லுமுன், பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துக்கொள்வது நல்லது. தமிழில் 'கள்ளி' என்ற ஒரு சொல்லுக்குள் இரு வேறு குடும்பங்கள் அடங்கியுள்ளன. சங்கப் பாடல்களில் பாலை நிலத்துக்குரியதாக வரும் கள்ளியும், ஊர்ப்புறத்துச் சதுரக்கள்ளியும், கொம்புக்கள்ளியும் ஒரு குடும்பம். அவற்றைக் கீறினால் வெண்பால் வடியும். அப்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு விளையலாம். சப்பாத்திக்கள்ளி போன்றவை மற்றொரு குடும்பம். நம் முன்னோர் தமிழகத்து வேலியோரங்களில் பார்த்துப் பழகிய சப்பாத்திக்கள்ளி, உண்மையில் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து குடியேறியது. அக்குடும்பத்தில் ஒரே ஓர் இனம் மட்டும் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இயற்கையாக மரக்கிளைகளில் வளர்கிறது. மற்றவை யாவும் அமெரிக்க மண்ணுக்கே உரியவை. அடையாளம் எளிது. அமெரிக்கக் குடும்பத்தில் முட்கள் பஞ்சு போன்ற சிறு புள்ளிகளிலிருந்து கொத்தாக முளைக்கும். பால் கள்ளியில் அப்புள்ளி இராது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் பால் கள்ளியைத் தவிர்ப்பதே அறிவுடைமை.

இனித் தேர்வு. கூரை அமைக்க இடமில்லாதவர்கள் தூண் போல் உயர்ந்து வளரும் கள்ளியை நாடலாம். மண்ணில் நீர் தேங்காவிடில் நம் மழையை அது ஓரளவு பொறுத்துக்கொள்ளும். கூரைக்கு வழியுள்ளவர்களுக்குத் தங்கப்பந்துக் கள்ளி ஏற்றது. மஞ்சள் முட்கள் மூடிய உருண்டை வடிவினது. ஆங்கிலேயர் வேடிக்கையாக அதனை 'மாமியார் இருக்கை' என்பர். (நம்மவர் எவரும் இதை வீட்டில் சொல்லிப் பார்க்க வேண்டாம்!) மெக்சிகோவில் அதன் சொந்த நிலத்தில் அது அருகிவிட்டது. 1990களில் சிமாப்பான் அணை கட்டப்பட்டபோது அது வாழ்ந்த பள்ளத்தாக்கின் பகுதிகள் நீரில் மூழ்கின. ஆனால் உலகெங்கும் பண்ணைகளில் விதையிலிருந்து அது ஏராளமாக வளர்க்கப்படுகிறது. நாம் வாங்குவது அத்தகைய பண்ணைச் செடியே.

சட்டி மண்ணால் ஆனதாகவும் அடியில் துளையுள்ளதாகவும் இருக்க வேண்டும். பால் டின்னில் நடுவோர் அடியில் நான்கைந்து துளையேனும் இடுக. செம்மண்ணையோ வயல் களிமண்ணையோ அப்படியே நிரப்பலாகாது. கழுவிய ஆற்று மணலின் பருமனான பகுதி இரண்டு பங்கு, உடைத்த செங்கல் ஒரு பங்கு, கருக்கிய உமி ஒரு பங்கு, தோட்ட மண் ஒரு பங்கு எனக் கலந்தால் போதும். நெல் விளையும் கெடாவில் உமிக்குப் பஞ்சமில்லை. கடல் மணல் கூடவே கூடாது. அதன் உப்பு வேரைக் கெடுக்கும்.

நடுவதற்கும் சட்டி மாற்றுவதற்கும் உகந்த காலம், ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் ஆண்டுத் தொடக்க வாரங்கள். வடக்கே வறண்ட காற்று வீசும் அக்காலத்தில் காயம்பட்ட வேர்கள் விரைவில் ஆறும். நட்டபின் ஒரு வாரம் நீர் ஊற்ற வேண்டாம்.

கிழக்கு நோக்கிய இறவாரம் சிறந்த இடம். காலை வெயில் விழும், சாரல் குறையும். முற்றத்தில் வைப்பதானால் நான்கு கம்புகள் நட்டு ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள் போட்டுவிடலாம். பக்கங்களை மூட வேண்டாம், காற்றோட்டம் தேவை. நிழலில் இருந்த செடியைத் திடீரென உச்சி வெயிலில் வைத்தால் மேல்தோல் வெந்து வெளுக்கும். ஆகவே நாளுக்குச் சிறிது நேரமாகப் பழக்குக.

எப்போது நீர் ஊற்றுவது? நாள்காட்டியை நம்புவதைவிட ஒரு சாத்தே குச்சியை நம்பலாம். அதைச் சட்டியின் அடிவரை செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். மண் ஒட்டி வந்தால் காத்திருக்க வேண்டும். காய்ந்து வந்தால் துளை வழியே வடியும்வரை ஊற்ற வேண்டும். கோடையில் இது வாரத்துக்கு ஒருமுறையாக இருக்கலாம்; அடைமழைக் காலத்தில் மூன்று வாரமும் ஆகலாம்.

வடிந்த நீரைத் தாங்கச் சட்டியின் அடியில் தட்டு வைக்கும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். செடி அழுகுவது ஒருபுறம் இருக்க, அத்தட்டில் தேங்கும் தெளிந்த நீரே டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட விரும்பும் இடம். வீட்டு வளாகத்தில் கொசுப்புழு காணப்பட்டால், 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டத்தின்கீழ் நடவடிக்கை எடுக்கப்படலாம் என்பதும் நினைவிலிருக்கட்டும். தட்டுக்குப் பதிலாக இரண்டு செங்கற்களின்மீது சட்டியை நிறுத்தினால் நீர் ஓடிவிடும்.

அடித்தண்டு மெத்தென்று ஆனால் தாமதிக்கலாகாது. சுத்தமான கத்தியால் அழுகலுக்கு மேலே வெட்டி, வெட்டுமுகத்தில் பழுப்பு நிறம் ஒரு சிறிதும் தெரியாத வரை சீவுக. கந்தகத் தூள் தடவி, நிழலில் பத்து நாள் காயவிட்டு, உலர்ந்த மணல்மேல் நிறுத்தினால் வேர்விட வாய்ப்புண்டு. ரப்பரின் தளிரிலைகளைப் பூசண நோயிலிருந்து காக்கத் தோட்டங்களில் தூவப்பட்ட அதே கந்தகந்தான் இது. வெள்ளை மாவுப்பூச்சி தென்பட்டால் ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் துடைத்தெடுக்க வேண்டும். சப்பாத்திக்கள்ளியைத் தொடுவோர் மடித்த செய்தித்தாளால் பிடிக்க வேண்டும். பெரிய முள்ளைவிட, கண்ணுக்குத் தெரியாத அதன் பூமுள்ளே தோலில் தங்கி நாள்கணக்கில் வருத்தும்.

சிவப்பும் மஞ்சளுமாகத் தலையில் பந்து தாங்கிய கள்ளியைப் பலர் விரும்பி வாங்குகின்றனர். அது இரு செடிகளின் ஒட்டு. மேலே உள்ள பந்தில் பச்சையம் இல்லாததால் தானாக உணவு ஆக்க இயலாது; ஜப்பானியத் தோட்டக்காரர்கள் 1940களில் அதைப் பச்சைத் தண்டின்மீது ஒட்டிப் பிழைக்க வைத்தனர். தண்டு தரும் உணவில் அப்பந்து சில ஆண்டுகளே வாழும். எவ்வளவு பேணினும் அதற்குமேல் எதிர்பார்ப்பதற்கில்லை. ஆனால் பந்து வாடியதும் சட்டியைத் தூக்கி எறிய வேண்டாம். மூன்று பட்டைகள் கொண்ட அந்தத் தண்டு பெரும்பாலும் டிராகன் பழக் கொடியே. அது பாலைக்குரியது அன்று. மழைக்காடுகளில் மரமேறி வாழ்வது. வாடிய தலையை நீக்கிவிட்டு, வேலியோரம் நீர் தேங்காத மேட்டில் நட்டு, உறுதியான கம்பம் ஒன்றைத் துணைக்கு ஊன்றினால் நம் மழையிலேயே செழித்து ஏறும். முதிர்ந்தபின் வரும் பெரிய வெண்பூ இரவில் விரிந்து, மறுநாள் வெயில் ஏறுமுன் கூம்பிவிடும். காண விரும்புவோர் அன்றிரவு சற்றே கண்விழிக்க வேண்டியிருக்கும்.