மோர்ஸ் தேர்வு போனது, மோர்ஸ் போகவில்லை

ஹாம் ரேடியோ என்பது வருமானத்துக்காக அல்லாமல் ஆர்வத்துக்காக வானொலி அலைகளைக் கையாளுபவர்களின் உலகம். தேர்வெழுதி அரசின் உரிமம் பெற்றவர்கள், வீட்டிலிருந்தபடியே கடல் கடந்தும் தொடர்பு கொள்ளலாம். சோதனை செய்து பார்ப்பதுதான் இந்தப் பொழுதுபோக்கின் அடிப்படை. ஆனாலும் புதியது வரும்போதெல்லாம் முகம் சுளிப்பவர்களும் இதற்குள்ளேயே இருந்திருக்கிறார்கள். 1950களில் எஸ்.எஸ்.பி. என்ற பேச்சுமுறை பரவியது. பழைய ஏ.எம். முறைக்குத் தேவைப்பட்ட அலைவரிசை அகலத்தில் ஏறக்குறையப் பாதியே இதற்குப் போதும். அப்படியிருந்தும், வாத்து கத்துவதுபோல் இருக்கிறது என்று பலர் கேலி செய்தார்கள். இன்று சிற்றலையில் பேசுகிற ஹாம்கள் பெரும்பாலும் அந்த முறையில்தான் பேசுகிறார்கள்.

மிகக் கடுமையான சண்டை, புள்ளியும் கோடுமாக எழுத்துகளை அனுப்பும் மோர்ஸ் குறியீட்டுத் தேர்வைப் பற்றியது. அமெரிக்காவில் மேல்நிலை உரிமம் வேண்டுமானால் நிமிடத்துக்கு 20 சொற்கள் வேகத்தில் மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதி ஒரு காலத்தில் இருந்தது. 2003இல் ஜெனீவாவில் நடந்த உலக வானொலி மாநாடு இந்தத் தேர்வு கட்டாயமில்லை என்றது. அமெரிக்கா 2007 பிப்ரவரியில் அதைக் கைவிட்டது. தேர்வு போனால் தரம் போகும், பொறுப்பில்லாதவர்கள் நுழைவார்கள் என்பது எதிர்த்தவர்களின் வாதம். அதை எளிதில் தள்ளிவிட முடியாது. மெல்லிய சிக்னலிலும் செய்தியைக் கடத்தும் ஆற்றல் மோர்ஸுக்கு உண்டு. பல மாதங்கள் பயிற்சி எடுத்தவர் அலைவரிசையை மதிப்பார் என்பதும் நியாயமான எதிர்பார்ப்பே. ஆனால் ஜப்பானின் அனுபவம் வேறு. அங்கே 1950களின் இறுதியிலிருந்தே மோர்ஸ் தெரியாதவர்களுக்கும் குறைந்த சக்தியில் பேச உரிமம் கிடைத்தது. 1990களில் அந்நாட்டு ஹாம் நிலையங்கள் பத்து லட்சத்தைத் தாண்டின; பொழுதுபோக்கு அழியவில்லை, வளர்ந்தது. கப்பல்களின் ஆபத்துக்கால அழைப்புமுறையே 1999இல் மோர்ஸை விட்டுவிட்ட பிறகு, வீட்டு ஹாமிடம் மட்டும் அதைக் கட்டாயமாக்குவதற்குக் காரணம் குறைந்துபோயிற்று. எதிர்ப்புக்குப் பின்னால் இருந்தது பெரும்பாலும் ஒரு மனவருத்தம்: தான் சிரமப்பட்டுத் தாண்டிய வாசலை அடுத்தவர் சுலபமாகக் கடக்கிறாரே என்பது. மோர்ஸோ அழியவில்லை. கட்டாயம் நீங்கிய பின்னும் விரும்பிக் கற்பவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனி 2014இல் அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் சேர்த்தது.

இப்போதைய சண்டை எஃப்.டி.8 பற்றியது. இயற்பியல் நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கேயும் உருவாக்கி 2017இல் வெளிவந்த இந்த டிஜிட்டல் முறையில், கணினிகள் 15 விநாடிக்கு ஒன்றாக மாறி மாறிச் சிறு செய்திகளை அனுப்பும். இரைச்சலில் காதுக்கே எட்டாத சிக்னலையும் பிரித்தெடுக்கும். கணினியும் கணினியும் பேசிக்கொள்வதில் மனிதருக்கு என்ன வேலை என்று எதிர்ப்பவர்கள் கேட்கிறார்கள். அழைப்புக்குறி, சிக்னல் அளவு, இருப்பிடம் ஆகியவற்றோடு முடிகிற தொடர்பில் உரையாடல் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பெரிய ஆன்டெனா வைக்க இடமில்லாத அடுக்குமாடிவாசிக்கு உலகைத் திறந்துவிடுவதும் அதுவே. உரையாட விரும்புபவருக்குப் பேச்சுமுறையும் மோர்ஸும் அப்படியே இருக்கின்றன. காக்க வேண்டியவை அலைவரிசை ஒழுக்கமும் கருவி வேலை செய்யும் விதம் பற்றிய அறிவும்தான். அவற்றைத் தேர்வில் கடுமையாகவே கேட்கலாம். எந்த முறையில் தொடர்பு கொள்வது என்பதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுவதே முறை.