ஊர் பார்க்கப் போனவிடத்தில் உண்ண மறுக்கும் பிள்ளை

பாடசாலை விடுமுறைக்கு ஊர் பார்க்கப் புறப்படும் குடும்பத்தினர் எத்தனையோ ஆயத்தங்களைச் செய்வர். வான்காரரிடம் நாள் சொல்லி வைப்பர், தங்குமிடம் பேசுவர், நுவரெலியாக் குளிருக்குக் கம்பளிச் சட்டை தேடுவர், வீட்டிலிருக்கும் முதியவர் வழியிலுள்ள கோயில்களுக்கு நேர்த்திக் காசு முடிந்து கொடுப்பர். ஆனால் வீட்டிலே இடியப்பத்தையும் பிட்டையும் தவிர வேறொன்றை ஏறெடுத்தும் பாராத பிள்ளை, நான்கு நாட்களைக் கடைச் சாப்பாட்டோடு எவ்வாறு கழிக்கும் என்பதை மாத்திரம் எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. "பசித்தால் தின்பான்" என்ற ஒரு வார்த்தையோடு அவ்விஷயம் முடிந்துவிடுகின்றது.

பசித்தாலும் அவன் தின்பதில்லை. இடர் அங்கேதான் தொடங்குகின்றது.

வீட்டில் இப்பிள்ளையின் குணம் பெரிதாக வெளியே தெரிவதில்லை. தாய் அவனுக்கென்று ஒரு கைப்பிடி மாவைத் தனியே எடுத்து அவித்துவிடுவாள். கறியை ஒதுக்கிவிட்டுத் தயிரை ஊற்றுவாள். தந்தையார் வேலையிலிருந்து திரும்புமுன் எல்லாம் நடந்து முடிந்திருக்கும். கடையிலோ மேசையைச் சுற்றி உறவினர் அனைவரும் அமர்ந்திருக்கின்றனர், அயல் மேசையில் அந்நியர் இருக்கின்றனர், பரிசாரகர் பக்கத்தில் நின்று, "தம்பிக்கு என்ன வேண்டும்?" என்று கேட்கின்றார். அப்பொழுது பிள்ளை வாய் திறவாதிருந்தால் தந்தையாருக்கு மானம் போய்விடுகின்றது. பிள்ளையை ஒழுங்காக வளர்க்கத் தெரியாதவர் என்று உலகம் தம்மை எண்ணுவதாக அவர் நினைத்துக்கொள்கின்றார். உண்மையைச் சொன்னால், கடையில் நடக்கும் இத்தகைய சண்டைகளிற் பாதிக்கு மேற்பட்டவை உணவைப் பற்றியவையல்ல. பெரியவர்களின் மானத்தைப் பற்றியவை.

பிள்ளையின் பக்கத்திலிருந்து இதைச் சற்றே நோக்குவோம். யாழ்ப்பாணத்துச் சிறுவன் ஒருவனுக்கு இடியப்பம் என்றால் சிவப்பரிசி மாவிற் பிழிந்தது, நிறத்தில் மங்கலானது, தொட்டால் மெத்தென்றிருப்பது. தெற்கே ஒரு கடையில் இடியப்பம் கேட்டால் வெள்ளை வெளேரென்று கோதுமை மாவில் அவித்ததைக் கொண்டுவந்து வைக்கக் கூடும். சம்பல் என்றால் அவனுக்கு அம்மியில் அரைத்துத் திரட்டியது. அங்கே அது செத்தல் மிளகாய்த் தூள் சேர்த்து உதிரியாகப் பிசைந்தது. சோறு என்றால் வீட்டிலே சிவந்த புழுங்கலரிசிச் சோறு. கடையில் வெள்ளைச் சம்பா. பெயர்கள் எல்லாம் அவனுக்குத் தெரிந்தவை. வந்திருக்கும் பண்டங்களோ வேறு. பெரியவர்களுக்கு இவ்வேறுபாடு ஒரு புதுச் சுவை. அதற்காகவே சிலர் பிரயாணம் செய்கின்றனர். அவனுக்கோ தெரிந்த முகத்தை அணிந்துகொண்டு அந்நியர் ஒருவர் வீட்டினுள் வந்தாற் போன்றது. முற்றிலும் புதியதொரு பண்டத்தைவிட, தெரிந்ததுபோலிருந்து தெரியாததாய் முடியும் பண்டமே இத்தகைய பிள்ளையைப் பெரிதும் வெருட்டும் என்பது நாம் கண்டது.

சென்ற ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் நாமும் நமது தங்கையின் குடும்பத்தினரும் ஒரு வானில் மலைநாடு சென்றோம். தங்கையின் மகனுக்கு வயது ஒன்பது. உணவு விஷயத்தில் அவன் யாருக்கும் வளையாதவன் என்பது சுற்றத்தார் அனைவருக்கும் தெரியும். விடியுமுன் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு, ஏ-9 வீதி வழியே மாத்தளையை அடைந்தோம். வெள்ளிக்கிழமையாதலின் அன்று எல்லோருக்கும் மரக்கறிதான். முத்துமாரியம்மன் கோயிலில் உச்சிப் பூசை கண்டபின், நகரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் நுழைந்தோம். மரக்கறிச் சாப்பாடு உண்டோ என்று கேட்டுத் தெரிந்துகொண்டே அமர்ந்தோம். பருப்பு, பூசணி, கீரைச் சுண்டல், தேங்காய்ச் சம்பல் ஆகியவற்றோடு சோறு வந்தது. பசி வேளை, எல்லோரும் பேச்சற்று உண்ணத் தொடங்கினர்.

சிறுவன் மாத்திரம் தட்டைப் பார்த்தபடி இருந்தான். தாய் ஒரு பிடி சோற்றிற் சம்பலைச் சேர்த்து நீட்டினாள். அவன் முகத்தைத் திருப்பி, "இது வேறை மணம், அம்மா" என்றான். "சம்பல்தானேயடா ராசா" என்றாள் அவள். அவன் உதட்டை இறுக மூடிக்கொண்டான். மைத்துனருக்குக் கோபம் மூண்டது. அடுத்த மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி குரலை உயர்த்தி, அந்தப் பிடியை உண்ணாமல் இருக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாதென்று கட்டளையிட்டார். சிறுவனின் கண்ணீர் மேசைமேல் விழுந்தது. நம் வீட்டுப் பிள்ளைகளும் உண்பதை நிறுத்திவிட்டனர்.

அந்த வேளையில் பருப்புக் கொண்டுவந்த பரிசாரகரிடம் நமது மனைவியார், சம்பலில் என்ன சேர்த்திருக்கிறீர்கள் என்று வினவினார். அவர் சற்றும் தயங்காது, "தேங்காய், வெங்காயம், தேசிக்காய், கொஞ்சம் மாசி" என்றார். மீன் இல்லை என்றுதான் அவர் முன்னர் உண்மையாகச் சொன்னார். அவரளவில் மாசி ஒரு வாசனைச் சரக்கே தவிர மீனன்று. மாலைதீவிலிருந்து வரும் அந்தக் காய்ந்த சூரை மீனின் தூள் தெற்கே பல வீடுகளில் உப்பைப் போலப் புழங்குவது. ஐந்து பெரியவர்கள் பாதிச் சாப்பாடு முடியும்வரை அறியாததை ஒரு சிறுவனின் மூக்கு அறிந்திருக்கின்றது. மைத்துனர் ஒன்றும் பேசாமல் தட்டை ஒதுக்கிவைத்துவிட்டுக் கை கழுவ எழுந்தார்.

இதை அன்று எல்லோரும் ஒரு வேடிக்கையாகப் பேசிச் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றிரவு கண்டியில் அச்சிறுவன் நம் மகளிடம், "அடுத்த முறை நான் வரேல்லை, அம்மம்மாவோடை நிக்கப் போறன்" என்று சொல்லியிருக்கிறான். ஒன்பது வயதுப் பிள்ளை மலையும் அருவியும் வேண்டாம், மச்சான் மச்சாள்மாரோடு விளையாட்டும் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்ள எண்ணுவது சிறிய காரியமன்று. இன்று பிரயாணத்தைத் தவிர்ப்பவன், நாளை கலியாண வீட்டுப் பந்தியையும் பாடசாலைச் சுற்றுலாவையும் நண்பன் வீட்டுப் பிறந்தநாளையும் தவிர்ப்பான். உணவாலன்று, உணவைச் சுற்றி எழும் பேச்சினால் அவன் மனிதரை விட்டு விலகிப் போகின்றான்.

புதிய உணவுக்கு அஞ்சுதல் பிள்ளைகளுக்கு இயல்பாக அமைந்ததொரு குணம் என்பதை இன்றைய ஆராய்ச்சியாளர் ஒப்புக்கொள்கின்றனர். ஏறக்குறைய இரண்டு வயது முதல் ஆறு வயதுவரை அது மிகுந்திருந்து, பின்னர் பெரும்பாலாரிடம் மெல்லத் தணிகின்றது. தவழ்ந்து திரியும் குழந்தை கண்டதை வாயிலிட்டு நஞ்சுண்டு போகாமல் இயற்கை வைத்த காவல் அது என்று விளக்குவோருமுண்டு. 2007ஆம் ஆண்டில் இங்கிலாந்தில், எட்டு முதல் பதினொரு வயதுக்குட்பட்ட ஐயாயிரத்துக்கு மேற்பட்ட இரட்டையர் சோடிகளை ஆராய்ந்தவர்கள், இவ்வச்சத்திற் பிள்ளைக்குப் பிள்ளை காணப்படும் வேறுபாட்டில் நூற்றுக்கு 78 பங்கு பரம்பரையால் அமைவது என்று கண்டனர். ஆகவே, "இவன் யாரைக் கொண்டு பிறந்தானோ!" என்று அங்கலாய்க்கும் தந்தைமார் தம் சொந்தத் தாயாரிடம் விசாரித்துப் பார்ப்பது நன்று.

நாவும் எல்லோருக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. 1931ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆதர் பொக்ஸ் என்னும் இரசாயன அறிஞர் பீனைல்தயோகாபமைட் என்ற பொருளைக் கையாண்டபொழுது அதன் தூள் காற்றிற் பறந்தது. உடனிருந்தவர் கசக்கின்றதென்று முறையிட்டார். பொக்ஸுக்கோ ஒரு சுவையும் தெரியவில்லை. அவ்வேறுபாட்டுக்குக் காரணமான பரம்பரையலகு 2003ஆம் ஆண்டிற் கண்டுபிடிக்கப்பட்டது. கோவா முதலிய சில மரக்கறிகளின் மெல்லிய கசப்புச் சிலருக்கு வன்மையாகவும் சிலருக்கு இல்லாததாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நமக்கு இனிக்கும் கோவாச் சுண்டல் நம் பிள்ளைக்கும் இனிக்க வேண்டுமென்ற நியதியில்லை.

அப்படியானால் பிள்ளையின் போக்கிலேயே விட்டுவிடுவதா என்று கேட்கலாம். இங்கே கிளாரா டேவிஸ் என்ற பெண் வைத்தியரை நினைவு கூர வேண்டும். இவர் பால் மறந்த குழந்தைகள் பதினைவரைத் தம் பொறுப்பில் வைத்து, அவர்கள் விரும்பியதை விரும்பிய அளவு உண்ண விட்டார். தாதி கரண்டியோடு அருகில் அமர்ந்திருப்பாள். குழந்தை காட்டியதை ஊட்டுவாள். புகழவும் மாட்டாள், கடியவும் மாட்டாள். குழந்தைகள் நன்றாகவே வளர்ந்தன. இதைக் கேட்டுப் பிள்ளைக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று பலர் முடிவு கட்டினர். ஆனால் 1939ஆம் ஆண்டில் டேவிஸ் எழுதிய கட்டுரையில், சூட்சுமம் உணவுப் பட்டியலிலேயே இருந்தது என்று அவரே தெளிவாக்கினார். தட்டுகளில் இருந்த 34 வகைப் பண்டங்களும் பழம், தானியம், மரக்கறி, பால், இறைச்சி போன்ற எளிய உணவுகள். சீனிப் பட்சணம் ஒன்றேனும் இல்லை. மேசையில் எதை வைப்பதென்பது பெரியவர் பொறுப்பு. அதிலிருந்து எதை எவ்வளவு உண்பதென்பது பிள்ளையின் உரிமை. இந்தப் பங்கீட்டைக் கடைக்கும் கொண்டு போகலாம்.

பிள்ளைக்குத் தெரிந்த பண்டம் ஒன்று மேசையில் இருக்கட்டும். பாணும் வெண்ணெயும், வெறுந் தோசை, வாழைப்பழம், அவித்த முட்டை உண்ணும் வீடாயின் அது. இவற்றில் ஒன்று கிடையாத கடை இந்நாட்டில் அரிது. மற்றக் கறிகளும் அவன் கண்ணெதிரே இருக்கட்டும். அவற்றைப் பற்றி அவனிடம் ஒன்றும் பேசவேண்டியதில்லை. லியான் பேர்ச் என்ற அறிஞர் 1982ஆம் ஆண்டில் இரண்டு வயதுக் குழந்தைகளிடம் செய்த சோதனையில், ஒரு புதிய உணவை எத்தனை முறை கூடுதலாகச் சுவைத்தார்களோ அத்தனைக்கு அதன் மீது விருப்பம் கூடியது தெரிந்தது. ஒருமுறை இருமுறையல்ல, பத்துப் பதினைந்து முறை வேண்டியிருக்கும். நான்கு நாட் பிரயாணத்தில் அதற்கு இடமேது? ஊர் சுற்றும் நாட்கள் பிள்ளையைத் திருத்துவதற்கு உரியவையல்ல. "சம்பலைத் தின்றால் ஐஸ்கிறீம்" என்ற பேரமும் ஆகாது. அதே அறிஞர் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சியில், பரிசுக்காகக் குடிக்கச் செய்த பானத்தைப் பிள்ளைகள் பின்னர் குறைவாகவே விரும்பினர்.

வெறும் வயிற்றோடு மலைப்பாதையில் ஏற்றுவதையும் தவிர்க்க வேண்டும். றம்பொடையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் வளைவுகள் பெரியவர் வயிற்றையே கலக்குபவை. சிறு பிள்ளைகளுக்குப் பிரயாண வாந்தி இன்னும் எளிதில் வரும். புறப்படுமுன் இரண்டு பிஸ்கட்டோ ஒரு வாழைப்பழமோ போதும். வீட்டிலிருந்து கட்டுச்சோறு கொண்டுபோகும் தாய்மார், தேங்காய்ப்பூச் சேர்ந்த பிட்டும் சம்பலும் வெயிலில் விரைந்து பழுதாகும் என்பதை மறவாமல், புளிச்சோறாகக் கட்டினால் மதியம்வரை அஞ்ச வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் வேறாக நோக்கத்தக்கது. உண்ணும் பண்டங்கள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தாலும், பிள்ளை எடை குறைந்தாலும், வளர்த்தி தடைப்பட்டாலும், விழுங்கினால் தொண்டையில் அடைக்குமென்று நடுங்கினாலும் அது வெறும் பிடிவாதமன்று. இந்நிலையை அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் 2013ஆம் ஆண்டில் தனியொரு நோயாக வகுத்துள்ளது. அதற்குப் பிள்ளைநல வைத்தியரை நாட வேண்டும். மாமாமார் மாமிமாரின் ஆலோசனை உதவாது.

கண்டியிலிருந்து புறப்பட்ட காலையில் நமது மனைவியார் வானிலேயே மருமகனுக்கு ஒரு சிங்கள வாக்கியம் கற்பித்தார்: "உம்பலகட தான்ன எபா" — மாசி போடவேண்டாம் என்பது பொருள். வழி நெடுக அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தான். நுவரெலியாவில் ஒரு சிறு கடையில் பரிசாரகர் மேசைக்கு வந்ததும், தந்தையார் வாய் திறக்குமுன் அவனே அதைச் சொன்னான். அவர் சிரித்து, சமையற்கட்டை நோக்கி அதையே உரக்கக் கூவினார். இடியப்பம் வந்தது, வெள்ளை இடியப்பம்தான். மைத்துனர் யன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிறுவன் சீனி தூவி மூன்று இடியப்பம் உண்டான். சொதியைத் தொடவில்லை.