மலைநாட்டு நீரும் வாற்கோதுமையும்

பாடசாலை அதிபர் ஒருவர் வானொலியிலே மதுவைப் பற்றிப் பேச முன்வருவதா என்று உங்களிற் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். என்னை இப்பேச்சுக்குத் தூண்டியவன் ஒரு மாணவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள், எங்கள் பாடசாலையில் விஞ்ஞான பாடம் நடந்துகொண்டிருந்த வகுப்பொன்றைப் பார்வையிடச் சென்றிருந்தேன். மதுவம் என்னும் நுண்ணுயிரைப் பற்றி ஆசிரியை விளக்கிக்கொண்டிருந்தார். கடைசி வாங்கில் இருந்த சிறுவன் எழுந்து, "சேர், பியர் என்றால் பார்லித் தண்ணீர்தானே? அது சாராயத்தில் சேராது என்று அப்பா சொல்கிறார். அது சரியா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. கேட்டவன் சிரிக்கவில்லை. அவன் தகப்பனார் சம்பள நாளில் எந்நேரம் வீடு திரும்புவார் என்பதை எங்கள் ஊரில் அறியாதார் இல்லை.

நான் கலைப் பட்டதாரி. இலக்கியமும் வரலாறும் கற்றவன். அன்று அவனுக்கு நிறைவான விடை சொல்ல என்னால் இயலவில்லை. நாளை சொல்கிறேன் என்றேன். அந்த நாளை வந்து சேரப் பல வாரங்கள் ஆயின. அவ்விடையைத் தேடிப் போனபோது அறிந்தவற்றையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தானியத்திலிருந்து மது செய்யும் கலை வெள்ளைக்காரர் நமக்குக் கொண்டுவந்து தந்த புதுமை அன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையைக் கற்றோர் இதனை அறிவர். அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டிலே இட்டு ஆற்றி, அதனோடு நெல்முளையை இடித்துச் சேர்த்துப் பிசைந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியிலே முதிரவைத்து, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கும் மதுவைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் அந்நூலிலே விவரிக்கிறார். அங்கே நெல் செய்த வேலையை மேனாட்டிலே வாற்கோதுமை செய்கிறது. நாம் பார்லி என்று அழைப்பது அதனையே.

அந்த வேலை யாது? தானியத்தில் நிறைந்திருப்பது மாப்பொருள். மதுவம் மாப்பொருளை உண்ணாது, வெல்லத்தையே உண்ணும். தானியத்தை நனைத்து முளைகட்டவிட்டால், முளை தன் உணவுக்காகச் சில நொதியங்களைச் சுரக்கிறது. மாப்பொருளை வெல்லமாக மாற்றும் ஆற்றல் அந்நொதியங்களுக்கு உண்டு. முளை நீண்டு வளரும் முன்னரே சூட்டில் உலர்த்தி அதன் வளர்ச்சியை நிறுத்திவிடுவார்கள். பின்னர் அதனை உடைத்து வெந்நீரிலே ஊறவைத்தால் மாப்பொருள் வெல்லமாகி நீரிற் கரையும். இவ்வினிய நீரை வடித்து, ஹொப்பு என்னும் கொடியின் பூக்களை இட்டுக் கொதிக்கவைப்பார்கள். பியரின் கசப்புக்கும் வாசனைக்கும் காரணம் அப்பூக்களே. அது விரைவில் கெடாமற் காப்பதிலும் அவற்றுக்குப் பங்குண்டு. ஆறிய பின் மதுவத்தைச் சேர்த்தால், அது வெல்லத்தை உண்டு அற்ககோலையும் காபனீரொட்சைட்டையும் வெளிவிடும். நுரை எழுவது அவ்வாயுவினால். நம் வீட்டுத் தோசைமா இரவிலே பொங்கி எழுவதும் நுண்ணுயிர்கள் விடும் வாயுவினாலேதான். அப்பத்துக்கு மாவைப் புளிக்கவைக்க முன்னாளிற் கள் சேர்த்ததன் காரணமும் இதனால் விளங்கும்.

தேயிலைத் தொழிற்சாலையிலே வேலை செய்யும் நேயர்களுக்கு இவ்வேலைமுறை புதிதாகத் தோன்றாது. கொழுந்தை வாடவைத்து, அரைத்து, பரப்பி, நிறம் மாறியதும் சூடேற்றி அம்மாற்றத்தை நிறுத்துகிறோம் அல்லவா? உரிய நேரத்திலே சூட்டைக் கொடுத்து இலையை அந்நிலையில் நிறுத்துவதே அங்கும் திறமை. எனினும் ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. தேயிலை 'புளிக்கிறது' என்று வழக்கிலே சொன்னாலும் அங்கே மதுவத்துக்கு வேலை இல்லை. இலையில் உள்ள நொதியமே காற்றிலுள்ள ஒட்சிசனைக் கொண்டு நிறத்தை மாற்றுகிறது. ஆகவே தேநீரில் அற்ககோல் இல்லை, பியரில் உண்டு.

இனி, நம் மலைநாட்டுக்கு வருவோம். 1840களின் பிற்பகுதியில், காய்ச்சலால் மெலிந்த சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் உடல் தேறுவதற்காக நுவரெலியாவுக்கு வந்தார். அக்குளிர்ச்சியிலே தம் நாட்டையே கண்டவர் போன்று மகிழ்ந்து, இங்கிலாந்துக்குத் திரும்பிச் சென்று, 1848ஆம் ஆண்டில் குடியேற்றக்காரரையும் கருவிகளையும் கால்நடைகளையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். அங்கே பியர் வடித்தலைத் தொடக்கிவைத்தவரும் அவரே என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பின்னாளில் ஆபிரிக்காவிலே நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று, 1864இல் அல்பேர்ட் ஏரியைக் கண்ட பேக்கரும் இவரே. ஹோட்டன் சமவெளியில் உள்ள பேக்கர் அருவி இவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

நுவரெலியாவிலே வடிசாலை வளர்ந்ததற்குக் காரணம் அதன் குளிரே. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 6,200 அடி உயரத்தில் உள்ள அந்நகரின் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியசு அளவினது. மதுவம் வெப்பம் மிகுந்தால் அவசரப்பட்டுப் பொங்கி வேண்டாத சுவைகளைத் தந்துவிடும்; குளிரிலே நிதானமாக வேலை செய்யும். குளிரூட்டும் பொறிகள் இல்லாத அக்காலத்தில் கொழும்பிலே செய்ய இயலாத ஒன்றை மலையின் குளிர் செய்துகொடுத்தது. மலை ஊற்றுகளின் தெளிந்த நீரும் துணை நின்றது. இன்று சிங்க முத்திரையோடு விற்கப்படும் பியரின் சீட்டிலே 1881 என்ற ஆண்டு காணப்படும். கோப்பிப் பயிர் இலைநோயால் அழிந்து, தேயிலை தலையெடுத்த காலம் அது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. வாற்கோதுமை வெளிநாட்டிலிருந்து வந்தது. ஹொப்புப் பூவும் அவ்வாறே. அப்படியிருக்க அதனை உள்ளூர்ப் பியர் என்று எப்படிச் சொல்வது? நீரும் குளிரும் கைத்திறனுமே அதனை உள்ளூருக்கு உரியதாக்கின. தேயிலையும் வெளியிலிருந்து வந்த செடிதான். அதன் கொழுந்தைக் கிள்ளும் நம் முன்னோரும் கடல் கடந்து வந்தவர்களே. வந்த இடத்து நீரைக் குடித்து, வந்த இடத்துக் குளிரைத் தாங்கி, உழைப்பையும் அங்கேயே இட்டவை அந்த மண்ணுக்கே உரியவை ஆகிவிடுகின்றன.

எனினும், குளிர் தந்த அந்த உரிமை நிலைக்கவில்லை. 1870களிலே ஜேர்மனியில் கார்ல் வொன் லிண்டே என்பவர் குளிரூட்டும் பொறியைச் சீர்செய்தார். 1876இல் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்ரர் பியரைப் பற்றிய தம் ஆய்வுநூலை வெளியிட்டு, அது கெடுவதற்குக் காரணம் வேற்று நுண்ணுயிர்களே என்று காட்டினார். 1883இல் டென்மார்க்கிலே எமில் ஹான்சன் தூய மதுவத்தைத் தனியாகப் பிரித்து வளர்த்தார். இம்மூன்றும் கூடியபின் எந்த வெப்ப நாட்டிலும் பியர் வடிக்கலாம் என்றாயிற்று. 1990களின் பிற்பகுதியில் கொழும்புக்கு அண்மையில் உள்ள பியகமவிலே புதிய பெரிய வடிசாலை அமைந்தது. மலையிலிருந்து தொழில் அங்கே இறங்கிற்று. 2016 மே மாத வெள்ளத்திலே அவ்வடிசாலை மூழ்கி, உற்பத்தி பல மாதங்கள் நின்றுபோனதை உங்களிற் பலர் நினைவு கூர்வீர்கள்.

அவ்வடிசாலையின் கரும்பியருக்கு உலகப் புகழ் உண்டு. வறுத்த தானியத்தினாற் கறுத்துக் கனத்த இவ்வகையினை 'ஸ்டவுட்' என்பர். 2007இல் மறைந்த ஆங்கிலேயரான மைக்கல் ஜாக்சன், பியரைப் பற்றி எழுதியே பெயர் பெற்றவர். அவர் இதனைச் சுவைத்துப் பெரிதும் பாராட்டினார். இதில் அற்ககோல் நூற்றுக்கு 8.8 வீதம்.

பேராதனையில் என்னோடு படித்த நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வந்தபோது, நுவரெலியாவில் ஓர் உணவகத்திலே இதனைச் சுவைத்துப் பார்க்கும்படி என்னை வற்புறுத்தினார். பெங்களூரிலே விடுதிக்குள்ளேயே சிறு கொப்பரைகளை வைத்துத் தமக்கென ஒரு சுவையை வடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள் என்றும், ஊர்தோறும் சென்று அவற்றைச் சுவைத்துக் குறிப்பெழுதுவோரும் உளர் என்றும் அவர் சொன்னார். சுவைப்பதற்கும் ஒரு முறை உண்டாம். நிறத்தைப் பார்க்கவேண்டும், முகரவேண்டும், சிறு மிடறை நாவின் மேற் பரவவிடவேண்டும். நம் தேயிலைச் சுவைஞர் உறிஞ்சிச் சுவைத்துத் துப்பிவிடுவார். பியரின் கசப்போ விழுங்கியபின் தொண்டையிலே எழுவது. ஆகையால் இங்கே ஒரு மிடறாவது விழுங்கியாகவேண்டும்.

நான் மது அருந்தும் பழக்கம் உடையவன் அல்லன். அன்று ஒரு சிறு கிண்ணம் அருந்தினேன் என்பதை மறைப்பதற்கில்லை. அடிப்பிடித்த கருப்பட்டிப் பாகின் மணமும், கடுங்கோப்பியின் கசப்பும், முடிவிலே மெல்லிய இனிப்பும் அதில் இருந்தன. அதனைச் சுவையற்றது என்று சொன்னால் நான் பொய் சொன்னவனாவேன். அக்கிண்ணம் முடியுமுன்னரே என் காதுகள் சூடேறியதும் உண்மை.

திரும்பும் வழியில், இந்த மலைக்கே உரிய பழைய மது கித்துட் கள் அன்றோ என்ற எண்ணம் எழுந்தது. கித்துள் மரம் எங்கள் அக்கரப்பத்தனையின் உயரத்தில் நன்கு வளராது. கினிகத்தேனைப் பக்கம் இறங்கினாற் காணலாம். பூம்பாளையைச் சீவிச் சீவிச் சாற்றை இறக்குகிறார்கள். அதிகாலையில் அது சர்க்கரை நீர். காற்றிலுள்ள மதுவமே அதிற் குடியேறிவிடுவதால் நண்பகலுக்குள் நுரைத்துப் புளிக்கத் தொடங்கும். 'ஹல்' என்னும் மரத்தின் பட்டைத் துண்டைக் கலயத்தில் இட்டுவைத்தால் புளிப்புத் தடைப்படும். அச்சாற்றைக் காய்ச்சிப் பாணியும் கருப்பட்டியும் ஆக்கலாம். ஒரே பாளை, ஒரே சாறு. ஒரு பட்டைத் துண்டு இருந்தால் குழந்தைக்கு இனிப்பு. இல்லாவிட்டால் தகப்பனுக்குக் கள்.

மது இந்நாட்டின் பொதுவாழ்வையும் கலக்கியிருக்கிறது. 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச்சட்டத்தின் கீழ்க் கள்ளுத் தவறணைகள் பெருகப்போகின்றன என்று கண்ட மக்கள் ஊர்தோறும் மதுவிலக்குச் சங்கங்களைக் கூட்டினார்கள். அவ்வியக்கத்திலே பயின்றவர்கள் பலர் பின்னர் நாட்டு விடுதலைக்கு உழைத்தார்கள். திருத்தங்களோடு அச்சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் சட்டமொன்று 21 வயதுக்குக் குறைந்தவர்க்கு மது விற்பதைத் தடுக்கிறது. போயா நாட்களில் மதுக்கடைகள் மூடப்பட்டிருக்கும். எனினும், சட்டம் கடைவாசலோடு நின்றுவிடுகிறது, லயத்துக்குள்ளே வருவதில்லை.

இப்பொழுது அச்சிறுவனின் கேள்விக்கு வருவோம். மறுபடியும் அவ்வகுப்புக்குச் சென்று, கரும்பலகையிலே ஒரு கணக்கை எழுதினேன். பெரிய பியர்ப் போத்தல் ஒன்று 625 மில்லிலீற்றர் கொள்ளும். கடும்பியரில் அற்ககோல் 8.8 வீதமானால் அப்போத்தலில் உள்ள தூய அற்ககோல் 55 மில்லிலீற்றர். சாராயத்தில் அற்ககோல் சுமார் 33 வீதம். ஆகவே அந்த 55 மில்லிலீற்றரைப் பெறச் சாராயம் எவ்வளவு வேண்டும்? பிள்ளைகளே வகுத்து விடை சொன்னார்கள்: ஏறத்தாழ 167 மில்லிலீற்றர். அதாவது கால் போத்தலுக்குச் சற்றுக் குறைவு. 4.8 வீதமுள்ள மென்பியரானாலும் ஒரு போத்தல் அரைக்கால் போத்தல் சாராயத்துக்குச் சமம். "பார்லித் தண்ணீரா, சாராயமா என்று இனி நீயே சொல்" என்றேன். அவன் கணக்கைக் கொப்பியில் எழுதிக்கொண்டான்.

சில நாட்களின் பின் அவன் தகப்பனார் பாடசாலைக்கு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்றே எண்ணினேன். வந்தவர் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே, "ஐயா, மகன் ஒரு கணக்கைக் காட்டினான். அது சரிதானா என்று கேட்டுப் போக வந்தேன்" என்றார். சரிதான் என்றேன். ஒரு மாதத்துக்கு எத்தனை போத்தல் என்று அவர் வாய்க்குள்ளே கூட்டிப் பார்த்தார். கூட்டி முடித்ததும், "வீட்டில் அதைச் சாராயம் என்று சொன்னால் சண்டை வரும், பியர் என்றால் வராது. அதனாலேதான் அப்படிச் சொல்லி வைத்தேன்" என்று தலையைக் குனிந்தபடி சொன்னார். அவர் குடியை அடியோடு விட்டுவிடவில்லை. ஆனால் அடுத்த சம்பள நாளில் விளக்கு வைக்குமுன் வீட்டுக்கு வந்தார் என்று பையன் எனக்குச் சொன்னான்.

நேயர்களே, அற்ககோலில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெரிவித்த கருத்து. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்ததையும் நாம் அறிவோம். இவற்றை அறிந்தும் உலகம் மதுவை முற்றாக விட்டபாடில்லை. பெரும்பாணாற்றுப்படையின் சாடியிலிருந்து பியகம வடிசாலை வரையும் மனிதன் கையாண்ட அறிவும் பொறுமையும் வியக்கத்தக்கவையே. அக்கலையை அறிவதில் குற்றம் இல்லை. ஒரு பொருளை அதன் உண்மைப் பெயரால் அழைக்காமல் இருப்பதிலேதான் கேடு தொடங்குகிறது. பியரும் மதுவே, கள்ளும் மதுவே. மறைவிலே காய்ச்சப்படும் கசிப்போ மதுவினும் கொடிய நஞ்சாவதும் உண்டு. உங்கள் வீட்டுப் பிள்ளை இவற்றைப் பற்றிக் கேட்டால் சிரித்து மழுப்பாதீர்கள்; அதட்டி வாயை அடைக்காதீர்கள். உண்மையைச் சொல்லுங்கள். கணக்கையும் சொல்லிக் கொடுங்கள்.