நம் காலடியில் நெருப்புக் கடலா?

பெடாஸ் வெந்நீர் ஊற்றில் கால் நனைத்துத் திரும்பும் தோட்டத்துப் பிள்ளைகள் நம்மிடம் கேட்கும் வினா ஒன்று உண்டு: "மண்ணுக்கடியில் எரிமலை இருக்கிறதா? அது ஒருநாள் வெடிக்குமா?" அஞ்ச வேண்டுவதில்லை. விடை நம் பால்மரக் காட்டிலேயே கிடக்கிறது.

நிரைகளுக்கிடையே யானை படுத்தாற்போலக் கிடக்கும் பாறைகளை நாம் அறிவோம். மழை கழுவிய அவற்றின் முகத்தை உற்று நோக்குவோமானால், வெண்ணிற நீள்மணிகளும், கண்ணாடி போன்ற மணிகளும், கருநிறச் செதில்களும் நெருங்கிப் பதிந்திருப்பது புலப்படும். இதுவே கருங்கல். தித்திவங்சா மலைத்தொடர் பெரும்பாலும் இக்கல்லால் ஆனது. அத்தொடர் தெற்கே நம் நெகிரி செம்பிலான் வரை நீள்கிறது.

ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன் இக்கல் உருகிய குழம்பாய் இருந்தது. இரு நிலப்பகுதிகள் மோதி நெருங்கியபோது, தடித்துப்போன புவியோட்டின் ஆழம் உருகி மேலெழுந்தது. எனினும் அக்குழம்பு மேற்பரப்பை எட்டவில்லை. நிலத்தினுள்ளேயே தங்கி, இலட்சக்கணக்கான ஆண்டுகள் மெல்ல மெல்ல ஆறியது. சர்க்கரைப் பாகை அசைக்காமல் ஆறவிட்டால் கற்கண்டு பெருமணியாய் விளைவதில்லையா? அதுபோலத்தான். ஜொகூரில் சிகாமட் பக்கத்துக் கரும்பாறையோ எரிமலைக் குழம்பு விரைந்து ஆறி உண்டானது. அதன் மணிகள் மிகச் சிறியவை. நம் கல்லை மூடியிருந்த பாறைகளை மழையும் வெயிலும் கோடிக்கணக்கான ஆண்டுகளாய்த் தேய்த்த பின்னரே அது வெளிப்பட்டது. குழம்பு ஆறுகையில் எழுந்த வெந்நீர் விரிசல்களில் ஈயத்தைப் படியவைத்தது. சுங்கை ஊஜோங் எனப்பட்ட சிரம்பான் வட்டாரத்திற்கு 19ஆம் நூற்றாண்டில் சுரங்கத் தொழிலாளரை இழுத்து வந்தது அந்த ஈயமே.

பூமியின் உள்ளே முழுவதும் நெருப்புக் குழம்பு என்று பலர் எண்ணுகின்றனர். அது பிழை. கண்டங்களின் கீழ்ப் புவியோடு சராசரியாக 35 கிலோமீட்டர் தடிப்புடையது. அதன்கீழ் 2,900 கிலோமீட்டர் ஆழம் வரையுள்ள கவசம் என்னும் படலம் கடும் வெப்பமுடையதாயினும், மேலிருந்து அழுத்தும் பாரத்தால் பெரும்பாலும் திண்மமாகவே இருக்கிறது. உண்மையில் உருகி நிற்பது அதற்கும் கீழே, 5,150 கிலோமீட்டர் வரையுள்ள இரும்பு மிகுந்த வெளிக்கருவே. நடுவில் திண்மமான உட்கரு உள்ளது. நிலநடுக்க அலைகளை ஆராய்ந்து 1936இல் அதனைக் கண்டறிந்தவர் டென்மார்க் நாட்டு அம்மையார் இங்கே லேமான்.

அப்படியானால் பெடாஸ் வெந்நீர் எவ்வாறு வந்தது? மழைநீர் கருங்கல் விரிசல்களின் வழியே ஆழத்தில் இறங்குகிறது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 25 முதல் 30 பாகை செல்சியஸ் வெப்பம் கூடுகிறது. சூடேறிய நீர் வேறொரு விரிசலின் வழியே மேலேறி ஊற்றாகிறது. அதற்கு எரிமலை வேண்டியதில்லை. தீபகற்ப மலேசியாவில் உயிருள்ள எரிமலை ஒன்றும் இல்லை. நம் பாறையை ஈன்ற குழம்பு என்றோ ஆறிவிட்டது.